தொங்கலில் இறுக்கிய போல்ட்

ஜாக்கி அக்கா ஒரு காலத்தில் பட்டறைக்காரனுக்கு ஏழாயிரம் கடன்பட்டிருந்தாள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி. அப்போது அவளுக்கு ஜாக்கி அக்கா என்ற பெயரெல்லாம் கிடையாது. வாடகைக்கு ஓடும் பழைய கார் ஒன்றை விட்டுவிட்டுச் செத்துப்போன டிரைவரின் பெண்டாட்டி, அவ்வளவுதான். புருஷன் இருந்தபோதே அவனிடம் சண்டை போட்டு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவள், அவன் போனபின் காரைத் தானே ஓட்டினாள். ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கியர்பாக்ஸ் பல்லைக் காட்டியது. பட்டறைக்காரன் வேலையை முடித்தான். கையில் காசு விழாமல் வண்டி நகராது என்று முன்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். கார் ஓடினால்தான் கடனை அடைக்க முடியும். கடனை அடைத்தால்தான் கார் ஓடும். நல்ல நியாயம்!

“காசு இல்லேன்னா என்ன, கையும் காலும் இருக்குல்ல? பட்டறையைக் கூட்டு, கழுவு. கழிச்சுக்கறேன்” என்றான் அவன், பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டே. குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

கூட்டினாள், கழுவினாள். அந்த மாதிரி நாறல் இடத்தைப் படைத்தவன் இன்னொன்று படைத்திருக்க மாட்டான். தரையில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து களியாக அப்பிக் கிடக்கும். செருப்பை வைத்தால் செருப்பு அங்கேயே நிற்கும், கால் மட்டும் வரும். டீ கிளாஸில் சிகரெட் துண்டு மிதக்கும். ஒரே துணியால் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கைத் துடைப்பார்கள், மூக்கைத் துடைப்பார்கள், வாடிக்கையாளரின் ஸ்டியரிங்கையும் துடைத்துவிட்டு “புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்” என்பார்கள். இந்த அழுக்கைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சோப்புப் போட்டால் போகிற அழுக்குத்தானே! போகாத அழுக்கு ஒன்று அங்கே இருந்தது. ஒரு வண்டியில் கழற்றிய பழைய சாமானை மண்ணெண்ணெயில் கழுவி, கருப்பு பெயிண்ட் ஒரு பூச்சு பூசி, அடுத்த வண்டியில் ‘புதுசு’ என்று மாட்டிக் காசு வாங்குவார்கள். வாங்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் வேறு. அதைப் பார்த்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் கண் இருக்கிறதே, அதற்கு யாரும் சங்கிலி போட முடியாது. வண்டிகளை ஒரு குழியின் மேல் நிறுத்தி, குழிக்குள் நின்று அடிப்பக்க வேலை பார்ப்பார்கள். குழியில் தேங்கும் எண்ணெயை வழித்தெடுக்க அவளும் உள்ளே இறங்குவாள். தலைக்கு மேல் எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர், எது வலப்பக்கம் திருகும், எது அடம்பிடிக்கும், எதைச் சூடு காட்டினால் இளகும் என்று அண்ணாந்து பார்த்தே படித்தாள். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் படித்த ஒரே படிப்பு அதுதான். கடன் கழிந்த அன்று சங்கிலியைக் கழற்றித் தரச்சொல்லி, அந்தச் சங்கிலியைக் குப்பையில் போட்டுவிட்டு, காரை எடுத்தாள். இனி என் வண்டி மேல் எவன் கையும் படாது என்று சொல்லிவிட்டு வந்தவள், சொன்னபடியே நின்றாள்.

அதன்பிறகு அவள் செய்யாத வேலை என்ன? கிளட்ச் மாற்றினாள், பிரேக் மாற்றினாள், ரேடியேட்டரை இறக்கி ஓட்டை அடைத்தாள். எங்கே போனாலும் டிக்கியில் ஜாக்கி, கையில் ஸ்பானர். ஊரே ஜாக்கி அக்கா என்றது. இரண்டு அறை வீடு கட்டினாள். வீட்டுக்கு முன்னால் கார் நிற்கச் சமதளமாகச் சிமென்ட் போட்டாள். இப்போது ஓட்டுவது மூன்றாவது கார், முழுக் காசும் கொடுத்து வாங்கியது. தவணை என்ற சொல்லைக் கேட்டாலே வாயில் ஈ போனது மாதிரி முகத்தைச் சுளிப்பாள். தெருமுனையில் நின்று பேச்சு வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: “என் பேர்ல ஒத்தக் காசு பாக்கி இருக்குன்னு எவனாவது நெஞ்சுல கைவெச்சுச் சொல்லட்டும். வண்டிச் சாவிய அவன் கையில குடுத்துட்டு நடந்து போயிடறேன்.” இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் நெஞ்சில் கைவைத்ததில்லை.

அந்தக் காரில்தான் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது.

பள்ளத்தில் இறங்கினால் டொக், வேகத்தடையில் ஏறினால் டொக்டொக். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குச் சவாரி வரும் ரிட்டயர்டு டீச்சரம்மா, “ஜாக்கி, உன் வண்டியில வர்றதுக்கு முன்னாடி எனக்கு முழங்கால் மட்டும்தான் வலிச்சுது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. அன்றைக்கே காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தாள்.

முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு இரும்புக் கை உண்டு, ஆர்ம் என்பார்கள். அந்தக் கை காரின் உடலோடு சேரும் மூட்டில் ஒரு ரப்பர் உருளை இருக்கும், நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர், அதற்கு மேல் இன்னொரு இரும்புக் கூடு. அதுதான் புஷ். மனிதனுக்கு முட்டியில் சவ்வு மாதிரி காருக்கு அது. அக்கா கடப்பாரையை மூட்டில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். இரும்புக் கை முழுசும் துள்ளியது. ரப்பர், யாரோ மென்று துப்பிவிட்டுப் போனது மாதிரி பிய்ந்து, கசிந்த எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று வழிந்தது. விரலால் தொட்டாள். விரலோடு வந்தது. தூ!

உதிரிபாகக் கடைக்குப் போனாள். அங்கே சாமான் எடுத்துக் கொடுப்பவனுக்கு மூக்குறிஞ்சி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். பேச்சுக்குப் பேச்சு மூக்கை உறிஞ்சுவான். உறிஞ்சி முடிக்காத நேரத்தில் புறங்கையால் இழுத்து விடுவான். அந்தக் கையாலேயே பெட்டியைத் திறந்து காட்டுவான்.

“ஒரிஜினல் ரப்பர்க்கா. ஜோடி ரெண்டாயிரத்து நானூறு.”

“உன் மூக்கத் தொட்ட கையால அதத் தொட்டே, அதுல எரநூறு கழிஞ்சுது. ரெண்டாயிரத்து எரநூறு.”

“அக்கா, சளிக்கு ஒரு வெல போடற ஒரே ஆள் நீங்கதான்.” அவனும் சிரித்துக்கொண்டே உறிஞ்சினான். காசை எண்ணி, அவன் கையில் படாமல் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

வேலை அன்று அவளுடைய தம்பி நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தான். ஏதோ அலுவலகத்தில் பேனா பிடித்து ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி போனபின் அக்கா வீட்டோடு வந்துவிட்டான். ஓய்வு பெற்றபின் செய்யும் வேலை இரண்டு: நகம் கடிப்பது, போனில் வீடியோ பார்ப்பது. கடித்த நகத்தைத் துப்புவான். அவள் காருக்கு அடியில் படுத்திருக்கும்போது, அந்த நகம் சிமென்ட் தரையில் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து விழும்.

“நகத்த அங்கிட்டுத் துப்புடா.”

“இதே வேலையத்தான் ஒருத்தன் வீடியோவுல காட்டறான்க்கா. பாக்கறியா?”

“பாக்கறது உன் தொழில். செய்யறது என் தொழில்.”

ஆர்முக்கு மேல் இருந்த இடுக்கில் எலி ஒன்று கூடு கட்டி, குட்டி போட்டு, குடும்பத்தோடு காய்ந்து கருவாடாகக் கிடந்தது. குச்சியால் தள்ளியதும் அத்தனையும் அவள் நெஞ்சின் மேல் கொட்டியது. எழுந்து, தட்டி, வாயைக் கொப்பளித்து, மறுபடி படுத்தாள். போல்ட்டுகள் துருவேறி நகரமாட்டேன் என்றன. சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, இரும்புக் குழாயை ஸ்பானரில் நுழைத்து நீளம் கூட்டி, தன் எடை முழுசும் போட்டுத் திருகினாள். இரும்புக் கையைக் கழற்றி வெளியே எடுத்தாள். பழைய ரப்பரைச் சுட்டு எடுத்தபோது எழுந்த நாற்றத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். மிச்சமிருந்த இரும்புக் கூட்டை ரம்பத்தால் அறுத்து, தட்டிப் பெயர்த்தாள். புதியதை உள்ளே தள்ளப் பட்டறையில் பெரிய பிரஸ் இருக்கும். இவளிடம் ஒரு நீள மரைக் கம்பி, இரண்டு நட், ஒரு பெரிய சாக்கெட். கம்பியை நடுவில் விட்டு, சாக்கெட்டைத் தாங்கலாக வைத்து, நட்டைத் திருகத் திருக, சோப்புத் தண்ணீர் தடவிய புஷ் முனகிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தது. எண்ணெய் தடவக்கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும். லட்சம் ரூபாய் மெஷின் செய்வதை நூறு ரூபாய்க் கம்பியால் செய்கிற கை எவனுக்கு வாய்க்கும்?

கையைக் காரில் மாட்டி, போல்ட்டுகளை நுழைத்து, இறுக்கப் போனாள். அப்போது தம்பி வாயைத் திறந்தான்.

“அக்கா, அந்த வீடியோக்காரன் வண்டியக் கீழ எறக்கிட்டுத்தான் கடைசியா இறுக்கறான்.”

“அவன் கையில அழுக்கு இருந்துச்சா?”

“இல்ல. கையுறை போட்டிருந்தான்.”

“அப்ப அவன் மெக்கானிக் இல்ல, டாக்டர். போயி அவன்கிட்ட உன் நகத்தக் காட்டு.”

பட்டறையிலும் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவளுக்கு நினைவில் இருந்தது. எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்தி, கடைசி இறுக்கைக் குழியில் நின்றுதான் போடுவார்கள். குழியில்தானே நீள ஸ்பானரை வீச இடம் இருக்கும், அதற்காக என்று அவள் நினைத்திருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. இங்கே குழி இல்லை. வண்டியை இறக்கிவிட்டால் அடியில் முழங்கை மடங்காது. ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் தாராளமாக இடம் இருக்கிறது. சக்கரம் கீழே தொங்க, கை சரிந்து தொங்க, அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள்.

கார் பூனை மாதிரி நடந்தது. டீச்சரம்மா “அட!” என்றார். அக்கா தெருமுனையில் நின்று, பட்டறையில் கேட்கும் கூலியையும் தனக்கு ஆன செலவையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒன்றிரண்டு பேர் கேட்கவில்லை. அவர்களிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. மழை விட்டுப் பள்ளங்கள் வெளியே தெரிந்த சமயம், மறுபடி டொக்.

அக்கா அடியில் படுத்துப் பார்த்தாள். புத்தம்புது ரப்பர், குறுக்கே வாயைப் பிளந்துகொண்டு சிரித்தது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பெயிண்ட் பூசிய பழைய சாமான்! அதே திருட்டு, வேறு கடை! அதே ஆத்திரத்தில் இரண்டையும் கழற்றி, ஒரு பையில் போட்டுக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் கடைக்குப் போனாள்.

கடையில் நல்ல கூட்டம். பையை உதறினாள். புஷ் இரண்டும் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து உருண்டன.

“இதுதான் உன் ஒரிஜினலா? ஒழுகற மூக்க வெச்சுக்கிட்டு ஊர ஏமாத்தறியா? எத்தன பேரு வயித்துல அடிச்சே இந்தக் கள்ளச் சரக்க வெச்சு?”

“அக்கா, சத்தியமாக் கம்பெனிச் சரக்குக்கா. இதே பெட்டியில எத்தனையோ வித்திருக்கேன். ஒண்ணும் திரும்பி வந்ததில்ல. நீங்க மாட்டினது...”

“நான் மாட்டினதா? நான் மாட்டினது தப்புன்னு சொல்றியா? நீ அரை டிரவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப இருந்து நான் ஸ்பானர் புடிக்கறவடா!”

வாங்க வந்த மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நழுவினார்கள். பின்னால் கண்ணாடி அறையில் குளிர்காற்றில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். புஷ்ஷை ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

“அந்தம்மாவுக்குக் காசக் குடுத்தனுப்பு. உன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்.”

மூக்குறிஞ்சி உறிஞ்ச மறந்துபோய் நின்றான். பிறகு கல்லாவைத் திறந்து இரண்டாயிரத்து இருநூறை எடுத்து நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நொடி அவளுக்கு இனித்தது. சம்பளத்தில் பிடிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வந்தாள்.

ஊரின் அந்தக் கோடியில் இருந்த பெரிய கடையில் இன்னொரு ஜோடி வாங்கினாள். விலை கிட்டத்தட்ட இருமடங்கு. இதையும் நம்பவில்லை, இதுவும் திருட்டுச் சரக்காக இருந்தால்? ரப்பர் கூட்டுக்குள் வழுக்குகிறதா என்று பிடித்துவிட, உள் குழாயிலிருந்து வெளிக்கூடு வரை குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தாள். முன்போலவே சக்கரம் தொங்கத் தொங்க மாட்டி, இறுக்கி, பிறகு இரும்புக் கையின் நுனியில் இருக்கும் மூட்டைச் சேர்ப்பதற்காக அடியில் ஜாக்கியைக் கொடுத்துக் கையை மேலே தூக்கினாள்.

கோடு உடைந்தது.

உள் குழாயில் இருந்த பாதி அங்கேயே நின்றது. கூட்டில் இருந்த பாதி விலகிப் போனது. இன்னும் தூக்கினாள், இன்னும் விலகியது. கார் தரையில் நிற்கும்போது கை எந்த உயரத்தில் இருக்குமோ அதுவரை தூக்கிவிட்டு, டார்ச்சை அடித்துப் பார்த்தாள். நடுவில் ரப்பர், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. கார் ஓடவேண்டிய தேவைகூட இல்லை. சும்மா நின்றாலே முறுக்கு. பள்ளத்தில் இறங்கினால் முறுக்கின் மேல் முறுக்கு.

அக்கா ஜாக்கியை இறக்கினாள். கோடு சேர்ந்தது. ஏற்றினாள், விலகியது. மறுபடி இறக்கினாள்.

வெளியே வந்து, மூலையில் எறிந்திருந்த பழைய ஜோடியைத் தேடி எடுத்தாள். காசைத் திருப்பி வாங்கியவள் சாமானையும் கொண்டுவந்துவிட்டிருந்தாள், நாலு பேரிடம் காட்ட. இப்போதுதான் அதை ஆத்திரம் இல்லாமல் பார்த்தாள். வலது பக்கத்தது எங்கே கிழிந்திருந்ததோ, அதற்குக் கண்ணாடியில் தெரிவது போல இடது பக்கத்ததும் அதே இடத்தில் கிழிந்திருந்தது. கெட்ட ரப்பர் அப்படிக் கிழியாது. அதன் இஷ்டத்துக்குக் கிழியும். இது முறுக்கிக் கிழித்தது. முறுக்கியவள் யார்?

வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் நிம்மதியாக இருக்கும். பட்டறைக்காரர்கள் அதற்காகத்தான் இறக்கி நிறுத்தி இறுக்கினார்கள். மூக்கைத் துடைத்த துணியால் ஸ்டியரிங்கைத் துடைக்கும் அந்த அசிங்கம் பிடித்த கூட்டம் இதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறது. சரியாகச் செய்ததைப் பார்த்துக்கொண்டு குழிக்குள் நின்றவள், இடம் தாராளமாக இருக்கிறதே என்று தப்பாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறாள். எலிக்கருவாடு நெஞ்சில் கொட்டியபோதுகூட அவள் தன்மேல் இவ்வளவு அருவருப்புப் படவில்லை.

போல்ட்டைத் தளர்த்தினாள். இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, கார் ஸ்டாண்டை விட்டு ஒரு மயிரிழை எழும்பும்வரை தூக்கினாள். இப்போது எடை முழுவதும் கையின் மேல். அந்த நிலையில் இறுக்கினாள். கோடு கோடாகவே நின்றது. இரண்டு பக்கமும் முடித்துவிட்டுச் சோப்புத்தூளால் கையைக் கழுவினாள். கழுவினாள், மறுபடி கழுவினாள். நகக்கண்ணில் தங்கிய கருப்பு போகவில்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி!

“நான் அன்னைக்கே சொன்னேன்ல? வீடியோக்காரன்...”

“சொன்னே. வாய மூடு.”

“செஞ்சது செஞ்சாச்சு. அவனுக்கு எப்படித் தெரியப் போகுது? உனக்கும் எனக்கும்தானே தெரியும். நான் ஏன் சொல்லப் போறேன்?” நகத்தைக் கடித்துக்கொண்டே அருள் பாலித்தான்.

“எனக்குத் தெரியுதேடா.”

“அதுக்கு? போயி நிப்பியா அவன் முன்னாடி? இந்தத் தெருவுல இனிமே உன் பேச்ச ஒருத்தன் கேப்பானா? ரெண்டாயிரத்து எரநூறு ஒரு காசா? சும்மா விடுக்கா.”

“அப்ப அது அவன் காசா, என் காசா? அதச் சொல்லு.”

“சட்டப்படி பாத்தா, கடைதான் விருப்பப்பட்டுத் திருப்பிக் குடுத்துச்சு...”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பேனா பிடித்த கை, சுத்தமான கை. அதில் ஒரு துளி எண்ணெய் கிடையாது. ஆனால் உள்ளே மண்ணெண்ணெயில் கழுவிப் பெயிண்ட் பூசிய சாமான் ஒன்று இருந்தது. அவளுக்கு அவனையும் பிடிக்கவில்லை, அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு நொடி நின்ற தன்னையும் பிடிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டான். போகவில்லை. டீச்சரம்மாவுக்குச் சவாரி போனாள். கார் சத்தமே இல்லாமல் ஓடியது. “பேஷ், உன் கையே கை!” என்றார் டீச்சரம்மா. அந்தச் சொல்லுக்காகவே உயிர் வாழ்கிறவள் அவள். அன்றைக்கு அது காதில் சீழ் மாதிரி இறங்கியது. தெருமுனையில் நிற்காமல் வீட்டுக்கு வந்தாள். நின்றால் அந்த வழக்கமான வார்த்தையைச் சொல்ல வேண்டி வரும். இப்போது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கே அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் கடை திறந்து கூட்டம் சேரும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனாள். சந்தையில் திட்டிவிட்டுச் சந்தில் வைத்துச் சமாதானம் பேசுகிற ஆள் அவள் அல்ல.

மூக்குறிஞ்சி அவளைக் கண்டதும் பாதி உடம்பைப் பெட்டிக்குப் பின்னால் இறக்கினான்.

“அக்கா, காசுதான் அன்னைக்கே குடுத்தாச்சே. இந்த மாசச் சம்பளம்கூட முழுசாக் கைக்கு வரலக்கா...”

“எந்திரி. உன் புஷ்ஷு நல்ல புஷ்ஷு.”

“என்னது?”

“காது அடைச்சிருக்கா? சளி அங்க வரைக்கும் ஏறிடுச்சா? உன் சரக்கு நல்ல சரக்கு. நான் தொங்கல்ல வெச்சு இறுக்கிட்டேன். தப்பு என்னுது.” இதைக் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். திட்டும்போது எவ்வளவு குரலோ அவ்வளவு குரல். ஃபியூஸ் வாங்க வந்த ஒருவன் சிரித்தான். “என்ன சிரிப்பு? நீ உன் வாழ்க்கையில ஒரு போல்ட்டு இறுக்கியிருக்கியா?” என்று கேட்டதும் அவன் ஃபியூஸை எண்ணத் தொடங்கினான். கண்ணாடி அறையில் முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் காசு சம்பந்தப்படவில்லை என்று தெரிந்ததும் குனிந்துகொண்டார்.

“உன் சம்பளத்துல புடிச்சாரா?”

“புடிச்சார்க்கா.”

“எவ்வளவு?”

“முழுசும்.” உறிஞ்சினான். பிறகு, பெரிய மனது பண்ணுகிறவன் போல, பெட்டியின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “ஆனா நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. நான் அத அப்பவே சரிக்கட்டிட்டேன். வர்ற ஆளுங்க பில்லுல பத்து, இருவதுன்னு ஏத்தி... எனக்கு நஷ்டம் இல்லக்கா.”

அக்கா அவனையே பார்த்தாள். இவனுக்காகவா நேற்றெல்லாம் சோறு இறங்கவில்லை? மேலுதட்டில் சளி பளபளக்க, திருடியதை ஆறுதலாகச் சொல்லுகிறான். பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனே நஷ்டம் இல்லை என்கிறான். தம்பியிடம் சொன்னால் கைதட்டுவான். வாசல் வரைக்கும் அவளுடைய கண் போய் வந்தது.

“அது உன் அழுக்கு, நீ கழுவிக்கோ” என்றாள். “இது என்னுது. கைய நீட்டு.”

“இங்க கண்ணாடி மேல வெச்சிடுங்கக்கா, நீங்க எப்பவும் அப்படித்தானே...”

“கைய நீட்டுன்னேன்.”

புறங்கையால் மூக்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அதே கையை நீட்டினான். ஈரமாக இருந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். நோட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவளுடைய விரல் அவனுடைய உள்ளங்கையில் பட்டது. நிறுத்தவில்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், இரண்டாயிரத்து இருநூறு.

கை மூடவில்லை.

“என்ன?”

“அக்கா... அன்னைக்கு நீங்க வீசினதுல இந்தக் கண்ணாடியில ஒரு கீறல் விழுந்துச்சு. மொதலாளி அதுக்கும் முந்நூறு புடிச்சுட்டாரு.” இந்த முறை உறிஞ்சவில்லை, கண்ணால் அந்தக் கீறலைக் காட்டினான். பெட்டியின் ஓரத்தில், விரல் நீளத்துக்கு, நிஜமாகவே இருந்தது.

“அதயும் பில்லுல ஏத்திட்டியா?”

“இல்லக்கா. அது இன்னும் ஏத்தல.”

அக்கா தூ என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, பையின் உள்ளறையைத் திறந்தாள். நூறு. இன்னொரு நூறு. கசங்கிக் கிடந்த மூன்றாவதைத் தன் புடவையில் வைத்து நீவி, அதையும் அவன் உள்ளங்கையில் வைத்து, “முந்நூறு” என்றாள்.